கர்னலுக்குள் போகும் ஒவ்வொரு வரியையும் யாராவது வாசிக்கிறார்களா?

2021 மார்ச் மாதம். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் 13.0 பதிப்பு வெளியாக இன்னும் சில வாரங்களே இருந்தன. இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட இதைப் பயன்படுத்தியிருப்பார்கள். நெட்ஃபிளிக்ஸ் படங்களை அனுப்பும் சர்வர்கள் இதில்தான் ஓடுகின்றன. பல ஃபயர்வால் பெட்டிகளுக்குள்ளும் இருப்பது இதுதான்.

அந்த இயங்குதளத்தின் கர்னலுக்குள் முந்தைய நவம்பரிலேயே ஒரு புது வசதி சேர்ந்திருந்தது. வயர்கார்ட் என்ற விபிஎன். ஃபயர்வால் விற்கும் ஒரு நிறுவனம் பணம் கொடுத்து எழுத வைத்த நிரல் அது. வயர்கார்டை முதலில் உருவாக்கிய ஜேசன் டோனன்ஃபெல்ட் அதை உட்கார்ந்து வாசித்துப் பார்த்தார். பார்த்தவர் அதிர்ந்துபோனார்.

இரண்டு வேலைகள் ஒன்றோடொன்று மோதும் இடத்தில், மோதலைச் சரிசெய்வதற்குப் பதில் 'கொஞ்ச நேரம் தூங்கு' என்று எழுதி வைத்திருந்தார்கள். வந்த தகவல் சரியா என்று சோதிக்க வேண்டிய பகுதி, எதையும் சோதிக்காமல் 'சரி' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டி எழுதும் ஓட்டைகள் இருந்தன. நெறிமுறையின் சில பகுதிகள் எழுதப்படவே இல்லை. பாதுகாப்புக்காகவே நிறுவப்படும் ஒரு விபிஎன்னின் நிலை இது!

டோனன்ஃபெல்டும் வேறு இரண்டு டெவலப்பர்களும் சேர்ந்து ஒரே வாரத்தில் அதைத் திருத்தி எழுதினார்கள். ஆனால் அந்தப் புதிய நிரலும் 13.0-ல் போகவில்லை. வெளியீட்டுக்கு முன் மொத்தமாகவே நீக்கிவிட்டார்கள். ஏப்ரல் 13 அன்று வயர்கார்ட் இல்லாமலேயே 13.0 வெளியானது. அந்த நிறுவனத்தின் சொந்த ஃபயர்வால் மென்பொருளில் மட்டும் பழைய நிரல் பிப்ரவரியிலேயே பயனர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கும் பிறகு எடுத்தார்கள்.

செய்தி வெளியானதும் பலரும் எழுதியவரைத்தான் திட்டினார்கள். மோசமான நிரல் எழுதுவது ஒன்றும் அபூர்வமான விஷயமில்லை. காலக்கெடு நெருங்கும்போது எல்லாருமே எழுதுவார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை அந்த நிரல் கர்னலுக்குள் இருந்தும், அதை வரி வரியாக வாசித்தவர் ஏன் ஒருவர்கூட இல்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. எழுதியவருக்கு நேரடியாகச் சேர்க்கும் உரிமை இருந்தது. மற்றவர்கள் பார்வைக்கும் அது வைக்கப்பட்டிருந்தது. ஆழமாகப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஐ.டி. அலுவலகத்தில் வேலை பார்க்கும் யாருக்கும் இது புதிதாக இருக்காது. 'ப்ளீஸ் ரிவியூ' என்று நண்பர் ஒரு லிங்க் அனுப்புவார். ஆயிரம் வரி இருக்கும். மேலோட்டமாக ஸ்க்ரோல் செய்துவிட்டு 'பார்த்தாச்சு, ஓகே' என்று போட்டுவிடுவோம். ஷாப்பிங் ஆப்பில் அப்படிப் போனால் கூப்பன் தப்பாகக் காட்டும், அவ்வளவுதான். கர்னலில் போனால்?

போனுக்குள் வரும் அந்நியர்

டீக்கடையில் யுபிஐ மூலம் 15 ரூபாய் அனுப்புகிறீர்கள். அந்தத் தகவல் சின்னச் சின்ன பாக்கெட்டுகளாகப் பிரிகிறது. ஒவ்வொன்றுக்கும் முகவரி ஒட்டப்படுகிறது. தொலைந்தால் திரும்ப அனுப்பப்படுகிறது. பதில் வந்தால் வரிசைப்படுத்தப்பட்டு சரியான ஆப்பிடம் ஒப்படைக்கப்படுகிறது. இதையெல்லாம் ஆப் செய்வதில்லை, கர்னல்தான் செய்கிறது. ஆண்ட்ராய்டு போன் என்றால் அது லினக்ஸ் கர்னல். எதிர்முனையில் இருக்கும் சர்வரிலும் பெரும்பாலும் அதே லினக்ஸ்தான்.

ஆப் செயலிழந்தால் மூடிவிட்டு மறுபடி திறக்கலாம். கர்னல் விழுந்தால் மொத்தக் கருவியும் நிற்கும். கர்னலில் ஓட்டை விழுந்தாலோ உள்ளே நுழைந்தவருக்கு எல்லாமே திறந்த வீடு. அதிலும் நெட்வொர்க்கிங் பகுதிக்கு ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும், பாஸ்வேர்டு எதுவும் இல்லாமல், இதற்குள் தகவலை அனுப்ப முடியும். அனுப்புவது நல்லவரா கெட்டவரா என்று தெரிவதற்கு முன்பே கர்னல் அந்த பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். வாசலில் நிற்பவர் யார் என்று பார்க்கவே கதவைத் திறக்க வேண்டிய வீடு மாதிரி.

அதனால்தான் இந்தப் பகுதியில் ஒரு வரியை மாற்றுவதற்கும் அத்தனை கேள்விகள்.

ஒரு பேட்ச் எப்படி உள்ளே போகிறது?

பேட்ச் என்பது ஒரு மாற்றப் பட்டியல். எந்த வரி நீக்கப்படுகிறது, எந்த வரி சேர்கிறது, ஏன் என்ற விளக்கம், கடைசியில் எழுதியவரின் கையொப்ப வரி. இந்தக் கையொப்ப முறை 2004-ல் வந்தது. 'இதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது' என்று எழுதுபவர் அதன் மூலம் உறுதி கொடுக்கிறார். பிழைதிருத்தம் என்றால், எந்தப் பழைய மாற்றம் அந்தப் பிழையைக் கொண்டுவந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

லினக்ஸ் நெட்வொர்க்கிங்கில் இரண்டு வாசல்கள். 'நெட்' என்பது பிழைதிருத்தங்களுக்கு. 'நெட்-நெக்ஸ்ட்' என்பது புது வசதிகளுக்கு. ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை லினக்ஸ் கர்னலின் புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் லினஸ் டோர்வால்ட்ஸ் எல்லாப் பகுதிகளின் புது வசதிகளையும் வாங்கிக்கொள்ளும் இரண்டு வாரங்கள் இருக்கும். அந்த இரண்டு வாரமும் 'நெட்-நெக்ஸ்ட்' கதவு மூடியிருக்கும். எவ்வளவு பெரிய நிறுவனம் எவ்வளவு அவசரம் என்று சொன்னாலும் திறக்காது.

இன்னும் சில விதிகள் உண்டு. திருத்திய பேட்சை 24 மணி நேரத்துக்குள் மறுபடி அனுப்பக் கூடாது. ஒரே தொகுப்பில் 15 பேட்சுகளுக்கு மேல் வேண்டாம். வேறு எந்த வேலையும் இல்லாமல் சும்மா அழகுபடுத்த மட்டும் பேட்ச் போடாதீர்கள். மாறிகளை அறிவிக்கும் வரிகள் நீளமானது மேலே, குட்டையானது கீழே என்று இறங்க வேண்டும். தலைகீழாக நிறுத்திய கிறிஸ்துமஸ் மரம் என்று இதற்குப் பெயர். கடைசி விதியைப் பார்த்தால் புதிதாக வருபவருக்குச் சிரிப்புதான் வரும். கோபமும் வரலாம்.

கிறிஸ்துமஸ் மரத்தை விடுங்கள், அது கண்ணுக்குப் பழக்கமான ஒரு வடிவம், அவ்வளவுதான். மற்ற விதிகளின் குறி ஒன்றே: பார்ப்பவரின் நேரம். காலையில் ஒரு பேட்ச் போட்டு, மதியம் ஒருவர் சொன்ன குறையைத் திருத்தி, மாலையில் இன்னொன்று போட்டால், வேறு நாட்டில் அப்போதுதான் தூங்கி எழுந்தவர் எதை வாசிப்பார்? 40 பேட்சுகளை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பினால் முதல் ஐந்தை ஆற அமரப் பார்ப்பார், மீதியை ஸ்க்ரோல் செய்வார். மனிதக் கவனத்துக்கு அளவு உண்டு என்பதை ஒப்புக்கொண்டு எழுதிய விதிகள் இவை.

சரி, வாசிப்பவர் என்னதான் பார்க்கிறார்? பெரும்பாலும் அலுப்பூட்டும் விஷயங்களை. பாக்கெட்டின் 40-வது பைட்டைப் படிக்கிறாயே, வந்த பாக்கெட்டில் 40 பைட் இருக்கிறதா என்று முதலில் பார்த்தாயா? பாதி வேலையில் பிழை வந்து வெளியேறும்போது, அதுவரை எடுத்த நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்தாயா? பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது தூங்கக்கூடிய ஒரு வேலையைக் கூப்பிடுகிறாயே, மற்ற எல்லாரும் வாசலில் நிற்க வேண்டியதுதானா? நெட்வொர்க்கில் எண்கள் ஒரு வரிசையிலும், உன் பிராசசரில் வேறு வரிசையிலும் இருக்குமே, மாற்றினாயா?

இவற்றில் சிலவற்றை இயந்திரமே கண்டுபிடித்துவிடும். கூகுளின் சிஸ்பாட் இரவு பகலாகக் கர்னல் மீது தாறுமாறான உள்ளீடுகளை எறிந்து, எங்கே உடைகிறது என்று பார்க்கிறது. இன்டெல்லின் சோதனை ரோபோ, வந்த பேட்சுகளைப் பலவகைப் பிராசசர்களுக்கும் கம்பைல் செய்து பார்க்கிறது. எச்சரிக்கை எழுந்தால் அனுப்பியவருக்கு உடனே தகவல் போய்விடும்.

'இது எதற்கு?' என்ற கேள்வியைக் கேட்க மட்டும் இன்னும் ஆள்தான் வேண்டியிருக்கிறது. இந்த வசதியைக் கர்னலில்தான் வைக்க வேண்டுமா? ஒருமுறை வைத்துவிட்டால், பயன்படுத்தும் ஆப்களை உடைக்காமல் அதை எடுக்க முடியாதே, அடுத்த 20 வருடத்துக்கு யார் பராமரிப்பார்கள்? உங்கள் நிறுவனத்தின் சிப்புக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி எழுதியிருக்கிறீர்களே, நாளை வேறு நிறுவனம் வந்தால் என்ன செய்வது? நெட்வொர்க் கார்டு டிரைவர்கள் விஷயத்தில் இந்தக் கடைசிக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது.

20 மாதங்கள்

அதே வயர்கார்ட் லினக்ஸுக்குள் நுழைந்த கதை வேறு மாதிரி. டோனன்ஃபெல்ட் 2018 ஜூலை 31 அன்று முதல் பேட்சை அனுப்பினார். நிரல் சுமார் 4,000 வரிதான். பழைய விபிஎன்கள் இதைப் போலப் பல மடங்கு பெரியவை. சில நாளிலேயே டோர்வால்ட்ஸ், மற்ற விபிஎன்களோடு ஒப்பிட்டால் இது ஒரு கலைப்படைப்பு என்ற அளவுக்குப் பாராட்டினார். கர்னலின் தலைவரே பாராட்டிவிட்டார், அப்புறம் என்ன, அடுத்த வாரமே சேர்ந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

சேரவில்லை. வயர்கார்டோடு சேர்த்து, தகவலைப் பூட்டும் கணக்குகளுக்காக ஜிங்க் என்ற புதிய நூலகம் ஒன்றையும் அவர் கொண்டுவந்திருந்தார். கர்னலில் ஏற்கெனவே அதற்கு ஒரு அமைப்பு இருந்தது. அது பயன்படுத்தக் கடினமானது என்பது அவர் வாதம். இருக்கும் அமைப்பைச் சரிசெய்யாமல் பக்கத்திலேயே இன்னொன்றைக் கட்டினால் இரண்டையும் யார் பராமரிப்பது என்பது அதைப் பார்த்துக்கொள்பவர்களின் வாதம். 2019 மார்ச்சுக்குள் பேட்சின் ஒன்பதாவது வடிவம் வந்துவிட்டது. விவாதம் முடியவில்லை.

அந்த செப்டம்பரில் டோனன்ஃபெல்ட் இறங்கிவந்தார். ஜிங்க்கை ஒதுக்கிவைத்து, இருக்கும் அமைப்பிலேயே வயர்கார்டை ஓட்ட ஒப்புக்கொண்டார். மறுபக்கமும் சும்மா இருக்கவில்லை. வயர்கார்டுக்குத் தேவையான எளிய வழிகளைப் பழைய அமைப்புக்குள்ளேயே உருவாக்கினார்கள். டிசம்பரில் நெட்வொர்க்கிங் பகுதியின் பொறுப்பாளர் டேவிட் மில்லர் அதைச் சேர்த்துக்கொண்டார். 2020 மார்ச் 29 அன்று லினக்ஸ் 5.6-ல் வயர்கார்ட் வெளியானது. இந்தியாவில் ஊரடங்கு தொடங்கி ஐந்தாவது நாள். வீட்டிலிருந்து அலுவலக விபிஎன்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அப்போது இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

முதல் பேட்சிலிருந்து வெளியீடு வரை 20 மாதங்கள். இது கூடுதலா? கூடுதல்தான். அதில் ஒரு பகுதி தொழில்நுட்பக் கேள்வி, ஒரு பகுதி 'இது எங்கள் எல்லை' என்கிற மனப்பான்மை. இரண்டையும் பிரித்துச் சொல்வது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எளிதில்லை. ஆனாலும் முடிவில் கிடைத்ததை வைத்துப் பார்த்தால், அந்த மாதங்கள் வீண்போகவில்லை. வயர்கார்ட் வந்தது. பழைய பூட்டு அமைப்பும் மேம்பட்டது. ஃப்ரீபிஎஸ்டியில் அதே விபிஎன், ஆழமான கேள்வி இல்லாமல் உள்ளே போய், கடைசி நிமிடத்தில் வெளியே வந்தது. ஒரே விபிஎன்னுக்கு இரண்டு வாசலில் நடந்த இந்த இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துவிட்டு, 'கர்னல்காரர்கள் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்கள்' என்று சொல்வது கொஞ்சம் கடினம்.

69,632

அப்படியானால் லினக்ஸில் எல்லாம் சரியாகப் பார்க்கப்படுகிறதா? இல்லை. இதற்கு ஒரு பெருக்கல் கணக்கே போதும்.

டிசிபி நெறிமுறையில் 'சாக்' என்று ஒரு வசதி உண்டு. 'ஒன்று, இரண்டு, நான்கு வந்துவிட்டது, மூன்று மட்டும் வரவில்லை' என்று பெறுபவர் சொல்லும் முறை. அனுப்புபவர் மூன்றை மட்டும் திருப்பி அனுப்பினால் போதும். இந்தப் பதில்களைக் கையாளும்போது லினக்ஸ், நினைவகத்தை மிச்சப்படுத்த, சிறு துண்டுகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கிறது. ஒரு மூட்டையில் எத்தனை துண்டு என்று எண்ண 16 பிட் எண் ஒன்று இருக்கிறது. அதில் அடங்கும் உச்ச எண்ணிக்கை 65,535.

ஒரு மூட்டையில் 17 அறைகள். ஒவ்வொன்றிலும் 32 கிலோபைட் வரை வைக்கலாம். எதிர்முனையில் இருப்பவர் விஷமத்தனமாக, 'என்னால் மிகச் சிறிய துண்டைத்தான் வாங்க முடியும்' என்று சொன்னால், ஒரு துண்டில் 8 பைட் தகவல் மட்டுமே போகும். 17-ஐ 32-ஆல் பெருக்கி, 1,024-ஆல் பெருக்கி, 8-ஆல் வகுத்தால் 69,632. எண்ணியில் அடங்கவில்லை. கணக்கு சுற்றிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கும். 'இப்படி நடக்கவே நடக்காது' என்று கர்னலுக்குள் வைத்திருந்த ஒரு சோதனை விழித்துக்கொண்டு, மொத்தக் கணினியையும் நிறுத்திவிடும்.

2009-ல் வந்த 2.6.29 முதல் உள்ள பதிப்புகள் பாதிக்கப்பட்டவை என்று அறிவிக்கப்பட்டது. நெட்ஃபிளிக்ஸில் வேலை பார்த்த ஜோனதன் லூனி கண்டுபிடித்து, 2019 ஜூன் 17 அன்று செய்தி வெளியானது. பத்து ஆண்டுகள்! தூரத்தில் இருக்கும் யாரோ ஒருவர், சர்வரை நிறுத்தும் பாக்கெட்டுகளை அனுப்பியிருக்கலாம். இத்தனை பேர் பார்த்தும் ஏன் தெரியவில்லை? தனித்தனியாகப் பார்த்தால் 16 பிட் எண்ணியில் தவறில்லை. 17 அறையிலும் தவறில்லை. சிறிய துண்டுகளை அனுமதிப்பதிலும் தவறில்லை. மூன்றையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துப் பெருக்கிப் பார்த்தால்தான் தெரியும். பேட்ச் என்பது மாறிய வரிகளை மட்டும் காட்டும். மாறாத வரிகளை வாசிப்பவர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இதைவிட நீண்ட காலம் ஒளிந்திருந்த ஒன்றும் உண்டு. லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியான நெட்ஃபில்டரில், ஒதுக்கிய இடத்தைத் தாண்டிச் சில சுழிய பைட்டுகளை எழுதும் பிழை 2006-ல் நுழைந்து 2021-ல்தான் பிடிபட்டது. வெறும் சுழியங்கள்தானே என்று விட முடியாது. அதை வைத்தே மொத்தக் கணினியையும் கைப்பற்றலாம் என்று அதைக் கண்டுபிடித்த ஆராய்ச்சியாளர் செய்தே காட்டினார்.

'சாக்' கதையில் பலர் கவனிக்காத இரண்டாம் பாகம் இருக்கிறது. ஓட்டையை அடைக்க கூகுளின் எரிக் டுமாசே எழுதிய திருத்தங்களில் ஒன்று, துண்டுகள் எடுத்துக்கொள்ளும் நினைவகத்துக்கு வரம்பு வைத்தது. நியாயமான வரம்பு. ஆனால் சில மென்பொருள்கள், அனுப்பும் இடத்தை மிகச் சிறியதாக வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தன. பாக்கெட் தொலைந்தால் திருப்பி அனுப்பக்கூட அவற்றுக்கு இந்த வரம்பு இடம் கொடுக்கவில்லை. பாதுகாப்புத் திருத்தமே புதுப் பிழையாகிவிட்டது. அதைத் தளர்த்த ஒரு பேட்ச், அதிலும் போதாமல் ஜூலையில் இன்னொரு பேட்ச். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். உலகின் மிகத் தேர்ந்த டிசிபி நிபுணர்களில் ஒருவருக்கே இந்த நிலை. புகார் வந்த சில வாரங்களில் அவரே சரிசெய்தார், ஏன் உடைந்தது என்று பேட்சின் விளக்கத்திலேயே எழுதியும் வைத்தார்.

பார்ப்பவருக்கு யார் சம்பளம் தருகிறார்கள்?

லினக்ஸின் ஒவ்வொரு பதிப்பிலும் 10,000-க்கு மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. எழுதுபவர்கள் ஏறக்குறைய 2,000 பேர். நெட்வொர்க்கிங் அதில் மிகச் சுறுசுறுப்பான பகுதிகளில் ஒன்று. பல ஆண்டுகள் டேவிட் மில்லர் கிட்டத்தட்ட ஒற்றை ஆளாக அதன் வாசலில் நின்றார். இப்போது யாகுப் கிசின்ஸ்கி, பாவ்லோ அபேனி, எரிக் டுமாசே உள்ளிட்ட சிறு குழு பார்த்துக்கொள்கிறது. இவர்கள் ராத்திரி நேரத்தில் ஆசைக்காக வேலை செய்பவர்கள் இல்லை. மெட்டா, ரெட் ஹேட், கூகுள் போன்ற நிறுவனங்கள் சம்பளம் தருகின்றன. ஆனாலும் எழுதும் கைகளையும் வாசிக்கும் கண்களையும் எண்ணிப் பார்த்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

காரணம் எளிது. ஒரு நிறுவனம் புது நெட்வொர்க் கார்டு விற்க வேண்டுமென்றால், அதன் டிரைவர் கர்னலில் இருக்க வேண்டும். அதை எழுத ஆள் வைப்பார்கள். போட்டி நிறுவனத்தின் டிரைவரை வாசித்துத் தப்பைச் சுட்டிக்காட்ட ஏன் ஆள் வைக்க வேண்டும்? எல்லாருக்கும் தேவை, யாருக்கும் சொந்தமில்லை. ஊர்க்குளம் தூர் வாருகிற கதைதான்.

இதற்கு கிசின்ஸ்கி கண்டுபிடித்த வழி சுவாரஸ்யமானது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் யார் எவ்வளவு எழுதினார்கள், யார் எவ்வளவு பார்த்தார்கள் என்ற கணக்கை வெளியிடுகிறார். அடுத்தவர் பேட்சைப் பார்த்தால் புள்ளி ஏறும். தன் பேட்சை மட்டும் போட்டுக்கொண்டே இருந்தால் இறங்கும். தனி ஆட்களுக்கு மட்டும் இல்லை, நிறுவனங்களுக்கும் இந்தப் பட்டியல் உண்டு. தண்டனை எதுவும் கிடையாது. ஆனால் ஊரறிய 'மைனஸ்' வாங்குவது எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் பிடிக்காது. எண்ணிக்கையை வைத்துத் தரத்தை அளக்க முடியுமா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆயினும் இதுவரை கண்ணுக்கே தெரியாமல் இருந்த வேலை, இதனால் ஒரு பட்டியலிலாவது தெரிகிறது. நம் ஊர் ஐ.டி. நிறுவனங்களின் அப்ரைசல் படிவங்களில் 'இந்த வருடம் எத்தனை பேருடைய நிரலை ஆழமாக வாசித்தீர்கள்?' என்று ஒரு கட்டம் இருக்கிறதா என்று பார்த்தால், இந்தப் பட்டியலின் அருமை புரியும்.

பார்ப்பவரின் நேரத்தை இலவசம் என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சிலர், வேண்டுமென்றே பிழை வைத்த பேட்சுகளைப் பொய்ப் பெயர்களில் அனுப்பி, கர்னல்காரர்கள் ஏமாறுகிறார்களா என்று சோதித்துக் கட்டுரை எழுதினார்கள். 2021 ஏப்ரலில் விவகாரம் வெடித்தது. முன்னணிப் பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பேட்சுகளுக்கே தடை போட்டார். மன்னிப்பு வந்தது, கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதோடு முடியவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து அதுவரை நல்லெண்ணத்தில் வந்திருந்த நூற்றுக்கணக்கான பழைய பேட்சுகளையும் ஒவ்வொன்றாக மறுபடி வாசிக்க வேண்டியதாயிற்று. சோதனை எலிகளாக்கப்பட்டவர்களே அதையும் செய்தார்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். வாசலில் நிற்பவர்களின் நாக்கும் எப்போதும் இனிமையாக இருந்ததில்லை. கர்னல் உலகில் கேள்வி கேட்பதும் திட்டுவதும் ஒன்றாகவே பல காலம் இருந்தது. 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸே தன் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். நடத்தை விதிகளும் அப்போது வந்தன. முதல் பேட்சோடு வரும் 22 வயதுக்காரரிடம் 'இது தப்பு' என்று சொல்வதற்கும் 'நீ முட்டாள்' என்று சொல்வதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தில்தான், அவர் நாளை வாசிப்பவராக மாறுவாரா, ஓடிப்போவாரா என்பது முடிவாகிறது. ஏற்கெனவே கண்கள் பற்றாத இடத்தில், வந்த கண்களையும் விரட்டிவிட்டு 'ஆள் இல்லை' என்று புலம்புவதில் அர்த்தம் இல்லை.

நெட்வொர்க்கிங் பகுதியின் வழிகாட்டி ஆவணத்தில் இதற்காகவே ஒரு குறிப்பு இருக்கிறது. அடுத்தவர் பேட்சைப் பார்க்க நிபுணராக இருக்க வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பார்க்க வேண்டும் என்கிறது அது. பேட்சை எடுத்துத் தன் கணினியில் ஓட்டிப் பார்த்து, 'ஓடியது' என்றோ 'இங்கே உடைந்தது' என்றோ சொல்லலாம். விளக்கம் புரியவில்லை என்றால் புரியவில்லை என்று கேட்கலாம். பல நேரம் அந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்காரும்போதுதான், எழுதியவருக்கே தன் தப்பு தெரியும்.

ஃப்ரீபிஎஸ்டியில் நீக்கப்பட்ட வயர்கார்ட், அதன் பிறகு கர்னலுக்கு வெளியே தனித் தொகுதியாக வளர்ந்தது. 2023 ஏப்ரலில், 13.2 பதிப்பில், மறுபடி கர்னலுக்குள் வந்தது. 13.0-லேயே வந்திருக்க வேண்டியது. இரண்டு வருடம் தாமதம்.